இறக்கிய குழம்புக்கு உப்பு

பதினோரு நாடுகள் கூடிக் கடலுக்குச் சட்டம் எழுத அமைத்த குழு அது. அதில் ஆலோசனை சொல்ல நிபுணர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். ஒன்பதாவது ஆள், தூத்துக்குடியில் வள்ளம் வைத்து வலை போடும் செலஸ்டினா.

அவள் கூட்டத்துக்குப் போனபோதே அறிக்கை அச்சாகி, அட்டை போட்டு, மேசையில் இருந்தது. சின்ன வள்ளங்களுக்கும் நூறு நாள் மீன்பிடித் தடை!

"ஆலோசனை சொல்லிட்டதா இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா," என்றார் தலைவர் பேரின்பநாதன். "இனி ஒரு எழுத்தும் மாத்த முடியாது."

"போட்டுருதேன் ஐயா. முதல்ல சாப்பிடுங்க. உங்க எல்லாருக்கும் சோறும் மீன் குழம்பும் வச்சுக் கொண்டாந்திருக்கேன்."

தலைவர் ஆசையாய் ஒரு வாய் அள்ளி வைத்தார். முகம் கோணியது. "என்னம்மா, உப்பே இல்லையே!"

செலஸ்டினா ஒரு தாளை நீட்டினாள். "உப்பு பாத்தாச்சுன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க ஐயா. குழம்பை இறக்கியாச்சு, இனி மாத்த முடியாது."

எட்டு நிபுணர்களும் குனிந்து சோற்றைப் பார்த்தார்கள். தலைவர்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே அறிக்கையின் அட்டையைப் பிரித்துப் போட்டார்.

"தோத்துட்டேன் தாயி. உப்பைப் போடுங்க."

முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பை அவள் அவிழ்த்தாள். "இந்தா போடுதேன். நீங்க பேனாவை எடுங்க."