கால் ஒடிந்த எழுத்து

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், படம் பார்த்து நோய் சொல்லும் மருத்துவர் ஒருவர் இருந்தார். பெயர் மெஹருன்னிசா. தலைக்குள் கட்டி, நெஞ்சுக்குள் சளி, சிறுநீரகத்தில் கல், பிள்ளை விழுங்கிய சட்டைப் பொத்தான் என்று உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எல்லாம் அவருடைய திரைக்கு வந்துதான் போக வேண்டும். ஊரில் மெஹர் டாக்டரைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவரிடம் படிக்க ஒரு மாணவர் வந்தார். மாணவருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஆசிரியருக்கு நாற்பத்தொன்று.

மாணவர் பெயர் வயிரவன். இருபத்தாறு வருடம் அறுவை செய்த கை அவருடையது. ஒரு நாள் தையல் முடிச்சுப் போடும்போது அது நடுங்கியது. மறுநாளும் நடுங்கியது. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கத்தியைக் கீழே வைத்தார். கை போனால் என்ன, கண் இருக்கிறதே என்று கிளம்பி வந்துவிட்டார்.

"அவர் இவங்கள மேடம்ங்கிறார். இவங்க அவரை சார்ங்கிறாங்க. யாருக்கு யார் வாத்தியார்னே புரியல போ" என்பார் சவரிமுத்து. எக்ஸ்ரே எடுப்பவர் அவர்தான்.

முதல் நாள் மெஹர் ஒரு நெஞ்சுப் படத்தைத் திரையில் போட்டார்.

"இதுல வலது எது சார்?"

வயிரவன் தன் வலது கைப்பக்கத்தைக் காட்டினார்.

"அது உங்க வலது. அவர் உங்களுக்கு எதிர்ல நிக்கிறார். அவரோட வலது உங்களுக்கு இடது."

"இது தெரியாதா மேடம்? ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டேன்."

"தெரியும். எதிர்ல ஒரு ஆள் நிக்கிறாங்கங்கிறதுதான் சட்டுனு மறந்துபோகும்."

ஏழு மாதம் போனது. வயிரவன் எழுதிய அறிக்கைகளில் மெஹர் திருத்துவது குறைந்தது. பிறகு நின்றே போனது. ஆனாலும் கீழே கையெழுத்து மெஹருடையதாகவே இருந்தது. அதுதான் வயிரவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காலையில் கேட்டே விட்டார்.

"எப்போ மேடம் நான் கையெழுத்துப் போடுறது?"

மெஹர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கே போடுங்களேன். அடுத்து வர்ற படம் உங்களோடது. நான் பார்க்க மாட்டேன். ஆனா ஊசி குத்தி எடுக்க வேண்டி வந்தா, நம்ம வழக்கம் தெரியும்ல?"

அந்த ஆஸ்பத்திரியில் மெஹர் வைத்த வழக்கம் அது. உடம்புக்குள் நீரோ சீழோ கோத்திருக்கிறது, ஊசி குத்தி எடுக்க வேண்டும் என்றால், அறிக்கை எழுதியவரே வார்டுக்குப் போய், ஊசி இறங்க வேண்டிய இடத்தில் ஊதா மையால் புள்ளி வைத்துவிட்டு வர வேண்டும். நர்ஸ் செய்கிற வேலை என்று வயிரவனுக்கு அதில் ஒரு சலிப்பு உண்டு.

அடுத்து வந்த படம் குருவம்மாளுடையது. ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறவள், நாற்பது வயது. நான்கு நாளாக மூச்சு வாங்குகிறது.

வயிரவன் திரையைப் பார்த்ததும் சிரித்தார்.

"சவரிமுத்து, இங்க வாய்யா."

சவரிமுத்து வந்தார்.

"இந்த அம்மாவுக்கு இதயம் எந்தப் பக்கம்யா இருக்கு?"

சவரிமுத்து எட்டிப் பார்த்தார். "வலது பக்கம் மாதிரி இருக்கு சார்."

"உலகத்துக்கே இடது பக்கம். உனக்கு மட்டும் வலது பக்கமா? ஆளைத் திருப்பி நிறுத்தி எடுத்திருக்க."

"இல்லீங்க சார். ஓரத்துல எழுத்து வச்சிருக்கேன் பாருங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து ஈயத்தில் வார்த்த ஓர் ஆங்கில 'ஆர்' எழுத்தை எடுத்துக் காட்டினார். யாரைப் படமெடுத்தாலும் அவர்களுடைய வலப்பக்கத்தில் அதை வைத்துத்தான் எடுப்பார். பத்தொன்பது வருடமாக ஒரே எழுத்து. எப்போதோ கீழே விழுந்து அதன் ஒரு கால் ஒடிந்திருந்தது.

"இது 'ஆர்' எழுத்தாய்யா? எனக்கு 'பி' மாதிரி தெரியுது."

"கால் போனாலும் பக்கம் மாறாது சார்."

"நல்லா பேசுற. போய் அடுத்த ஆளையாவது நேரா நிறுத்து."

சவரிமுத்து எழுத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வயிரவன் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினார். கண்ணாடியில் பார்ப்பதுபோலப் படம் திரும்பிக்கொண்டது. இதயம் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது. மறுபக்கத்து நுரையீரலின் அடியில் நீர் தேங்கியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. ஓரத்தில் அந்த ஒற்றைக்கால் எழுத்து மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாயில்லை. அந்த ஓரத்தை வெட்டி எறிந்தார்.

'வலப்பக்கம் நீர். ஊசி மூலம் எடுக்கவும்' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். கை கொஞ்சம் நடுங்கியது. மகிழ்ச்சியில்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்து மேசையில் மெஹர் யாருடைய முழங்காலையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சதா சார்?"

"முடிஞ்சது மேடம்."

"அப்போ புள்ளி வச்சிட்டு வந்துருங்க."

வார்டில் குருவம்மாள் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, முன்னால் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்திருந்தாள். வார்டு டாக்டர் ஊசிக்குத் தயாராகக் கைகழுவிக்கொண்டிருந்தார். வயிரவன் அவள் முதுகின் வலப்பக்கம், தோள்பட்டைக்குக் கீழே விலா எலும்புகளை எண்ணி, ஊதாப் புள்ளி வைத்தார்.

வேலை முடிந்தது. ஆனால் அறுவைக்காரரின் பழைய பழக்கம் ஒன்று அவரை விடவில்லை. உடம்பில் எது இறங்குவதற்கு முன்பும் இதயத்தை ஒரு முறை கேட்டுவிடுவார். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, அவளுடைய இடது மார்பில் வைத்தார்.

சத்தம் சரியாகக் கேட்கவில்லை. எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

குழாயைத் தட்டிப் பார்த்தார். காதில் சரியாக மாட்டினார். மறுபடியும் வைத்தார்.

"சிஸ்டர், இது ரிப்பேர் போல. வேற ஒண்ணு குடும்மா."

நர்ஸ் தன்னுடையதைக் கொடுத்தாள். அதுவும் அப்படித்தான் இருந்தது.

குருவம்மாள் தலையை நிமிர்த்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"அங்கிட்டு இல்லீங்க சார். எனக்கு... இங்கிட்டுத்தான் அடிக்கும்."

அவள் கை வலது மார்பின்மேல் இருந்தது.

"என்னம்மா சொல்ற?"

"கல்யாணமான புதுசுல... எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. ஊருல எல்லாருக்கும் அந்தப் பக்கம்... உனக்கு மட்டும் இந்தப் பக்கம்டின்னு. கேலி பண்ணுறாருன்னு... நெனச்சேன்."

வயிரவன் அங்கே வைத்துக் கேட்டார். லப் டப், லப் டப் என்று கிணற்றடியில் துணி துவைப்பதுபோல ஓங்கி அடித்தது.

அப்படியானால் சவரிமுத்து எடுத்த படம் நேராகத்தான் இருந்திருக்கிறது. அவளுடைய இடது நுரையீரல் நீரில் கிடக்கிறது. மூச்சைத் தாங்கிக்கொண்டிருப்பது வலது ஒன்றுதான். அவர் புள்ளி வைத்திருப்பது அதன்மேல். அங்கே ஊசி இறங்கியிருந்தால் காற்றுப் புகுந்து இருக்கிற ஒன்றும் சுருங்கிப்போயிருக்கும்.

"டாக்டர், நிறுத்துங்க! ஊசியைத் தொடாதீங்க!"

வார்டு டாக்டர் ஈரக்கையோடு திரும்பினார்.

வயிரவன் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அந்தப் புள்ளியைத் துடைத்தார். ஊதா மை லேசில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்து, தோல் சிவந்துபோனது.

"என்ன சார், அழுக்கா?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"ஆமாம்மா. என்னோடது."

முதுகை இரண்டு பக்கமும் விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு இடப்பக்கம் புள்ளி வைத்தார். ஊசி இறங்கியது. கடுந்தேநீர் நிறத்தில் நீர் வந்துகொண்டே இருந்தது. முழுப் பேச்சையும் ஒரே மூச்சில் பேச முடிந்ததும் அவள் முதலில் கேட்டது, சாப்பிடலாமா என்றுதான்.

வயிரவன் திரும்பி வந்தபோது மெஹர் அதே நாற்காலியில் இருந்தார். சவரிமுத்து ஜன்னலோரம் நின்று, அந்த ஈய எழுத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். வயிரவன் உட்காரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஸ்டெதஸ்கோப் இரண்டையும் குறை சொன்னதைக்கூட மறைக்கவில்லை.

மெஹர் அவர் பக்கம் திரும்பினார்.

"படத்தைத் திருப்பிட்டீங்க, சரி. அந்தம்மாவை எப்படித் திருப்புறதா இருந்தீங்க?"

வயிரவன் தலைகுனிந்தார். "அந்த அறிக்கையிலிருந்து என் கையெழுத்தை எடுத்துடுங்க மேடம்" என்றார். "எனக்கு இன்னும் அந்தத் தகுதி வரல."

மெஹர் அந்த அறிக்கையைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஓரம் வெட்டப்பட்ட படத்தைப் பார்த்தார். கீழே இருந்த கையெழுத்தையும் பார்த்தார்.

"உங்க கையெழுத்து இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றார். "இங்க சவரிமுத்து வச்ச எழுத்து ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"