தார்ச்சாலையில் பொட்டு

மாசிலாமணி யாருக்கும் சிஷ்யராக இருந்ததில்லை. பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டி, துண்டறிக்கை எழுதி, தடியடி வாங்கி, சிறைக்குப் போய் வந்த உடம்பு அது. யார் காலிலும் விழாது. அப்படிப்பட்டவர் தலை நரைத்த பிறகு சொர்ணம்மாளிடம் போய்ச் சேர்ந்தார் என்றால், அந்த அம்மாளிடம் காவி இல்லை, மடம் இல்லை, உண்டியல் இல்லை என்பதுதான் காரணம். வயதிலும் அவர் வெகு இளையவர். ஆண்டுக்கு ஒருமுறை மலையடிவாரத்திலிருந்து கடல் வரை நடப்பார். விரும்பியவர்கள் கூட நடக்கலாம். கேள்வி கேட்கலாம். பதில் வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

இந்த முறை கூட வந்தது மாசிலாமணியும் அவருடைய கறுப்பு நாட்டு நாய் பொட்டும்தான். மனைவி இறந்தபின் அவர் வீட்டில் மிஞ்சிய ஒரே துணை அது.

புறப்பட்ட அன்றே அவர் கேட்டுவிட்டார்.

"அம்மா, ஆயுசு முழுக்க முன்னால நடந்தவன் நான். விலை போகல, பயந்து ஒதுங்கல. கடைசி ஊர்வலத்துல திரும்பிப் பார்த்தா பின்னால ஒருத்தனும் இல்ல. ஏன்?"

சொர்ணம்மாள் தண்ணீர் பாட்டிலை மூடினார்.

"நடப்போம்," என்றார்.

வாய்க்கால் கரை, வாழைத் தோட்டம், புளியமர நிழல் என்று சில நாட்கள் போயின. ஒரு காலையில் டீக்கடைக்காரர் நாயையும் முதுகு மூட்டைகளையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, கோயிலுக்கு வேண்டுதலா?"

"கடவுளுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. விடுமுறை. கடல் வரைக்கும் நடக்கோம்."

"விடுமுறைன்னா குத்தாலத்துல போய்க் குளிப்பாவ. நாய்க்கு பஸ்ல எடம் தரமாட்டேன்னுட்டானா?"

"தந்தான். இது ஜன்னலோர சீட்டுதான் வேணும்னு அடம் பிடிச்சுது."

கடைக்காரர் சிரித்தார். சொர்ணம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு நீங்க முன்னால போங்க ஐயா. வழி உங்க இஷ்டம். நாங்க ரெண்டு பேரும் பின்னால வாறோம்."

மாசிலாமணியின் முதுகு நிமிர்ந்தது. ஊரைத் தாண்டியதும் பாதை பிரிந்தது. வாய்க்கால் கரை சுற்று வழி. தார்ச்சாலை நேர் வழி. உச்சிப்பொழுதுக்கு முன் அடுத்த ஊரைத் தொட்டுவிடலாம். அவர் தார்ச்சாலையில் ஏறினார்.

ஊர்வலங்களில் அவர் கற்றது ஒன்று உண்டு. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பின்னால் வருகிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். பாதி வழியில் திரும்பிப் பார்த்த தலைவர்கள் எல்லாம் அப்படியே நழுவி ஜீப்பில் ஏறிப் போனதை அவர் கண்ணால் கண்டவர்.

ஆகவே காதால் பார்த்துக்கொண்டார். பொட்டின் நகங்கள் தாரில் டிக் டிக்கென்று பின்னாலேயே வந்தன. சாலையை அகலமாக்க மரங்களை வெட்டியிருந்தார்கள். வெயில் ஏறியது. அவருடைய தடித்த செருப்பு தாரில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. டிக் டிக் சத்தம் இடையிடையே விட்டுப்போய், மறுபடி அவசரமாக ஓடி வந்து சேர்ந்தது.

பிறகு பொட்டு குரைத்தது. சொர்ணம்மாளின் குரலும் கேட்டது. கோஷத்துக்குப் பதில் கோஷம் வந்தது போல அவருக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடையை எட்டிப் போட்டார்.

ஒரு லாரி கடந்து போனது. அதன் இரைச்சல் அடங்கியபோது பின்னால் சத்தம் எதுவும் இல்லை.

மண் ஓரத்தில் வரும், அதனால் கேட்கவில்லை என்று நினைத்தார். அம்மா தூக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தார். அந்த லாரி ஏன் கொஞ்சம் ஒதுங்கிப் போனது என்றும் நினைத்தார். கழுத்து திரும்ப மறுத்தது. இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே நடந்தார். பிறகு திரும்பினார்.

சாலை காலியாக இருந்தது. கானல் மட்டும் ஆடியது.

ஓடினார். சாலையில் கறுப்பாக ஏதோ கிடந்தது. நின்றார். கிழிந்த டயர். மறுபடி ஓடினார். மறுபடி கறுப்பு. எண்ணெய்க் கறை. அடுத்த கறுப்பை மெல்ல நெருங்கினார். யாரோ தவறவிட்ட குடை.

சிறு பாலத்துக்கு அடியில் சொர்ணம்மாளின் சேலைத் தலைப்பு தெரிந்தது. இறங்கினார். பொட்டு ஒருக்களித்துக் கிடந்தது. நாக்கு தொங்கியது. பாதங்களில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. ஒன்றை விலக்கிப் பார்த்தார். தோல் கொப்பளித்து உரிந்திருந்தது. உடனே மூடினார்.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே அம்மா."

"கொடுத்தேன். அதுவும் குலைச்சுது. நீங்க கையத் தூக்கிக் காட்டினீங்க."

மாசிலாமணி எழுந்து நின்றார். அந்தச் சின்ன இடத்தில் அங்கும் இங்கும் நடந்தார்.

"கூட வர்ற உற்சாகத்துல குலைக்குதுன்னு நெனச்சேன்," என்றார்.

சொர்ணம்மாள் நாயின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்.

"பொழைச்சுக்குமா?"

"அலட்டாம கிடந்தா பொழைச்சுக்கும். ஆட்டோவுக்குப் போன் பண்ணியிருக்கேன். வார வரைக்கும் இது எந்திரிக்கக் கூடாது."

மாசிலாமணியின் குரலுக்குப் பொட்டு கண் திறந்தது. முன்னங்காலை ஊன்றி, நடுங்கிக்கொண்டே எழுந்தது. துண்டு நழுவியது. உரிந்த பாதங்களால் அவரை நோக்கி ஓர் எட்டு வைத்தது.

"படு," என்றார்.

வால் ஆடியது.

"படுன்னு சொல்லுதேன்ல."

மேடையில் பேசுகிற குரல் அது. பொட்டு காதை மடக்கிக்கொண்டு இன்னோர் எட்டு வைத்தது. அவர் பின்னால் நகர்ந்தார். அதுவும் நகர்ந்தது. மண்ணில் ஈரமாகத் தடம் விழுந்தது.

அவர் சொர்ணம்மாளிடம் திரும்பினார்.

"கேக்க மாட்டேங்குதே அம்மா. நான் என்ன சொன்னா இது படுக்கும்?"

சொர்ணம்மாள் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார்.

"பேச்சு எதுக்கு ஐயா? நீங்க நிக்கிற வரைக்கும் அது படுக்காது."