சொல்லாமல் கழற்றிய பக்கம்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு ஐம்பத்தொன்று. கோயம்புத்தூரில், சர்வர்களுக்குக் கர்னல் என்னும் அடிப்படை மென்பொருள் எழுதும் ஓர் அலுவலகத்தில் அப்படி அமைந்துவிட்டது. குரு நஸ்ரின், சீடர் அருளப்பன்.

அன்று மாலை நான்கு மணிக்குப் பரீட்சை. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து மெமரி கார்டைக் கழற்றவேண்டும், திரும்பச் செருகவேண்டும். இப்படி நாற்பது முறை. நடுவில் சர்வர் படுத்துவிட்டால் அருளப்பனின் எட்டு மாத உழைப்பை மூட்டை கட்டிவிடுவார்கள். அதுவோ ஒத்திகையில் ஏழு முறை சமர்த்தாக இருந்துவிட்டு எட்டாவது முறை படுத்துக்கொண்டது. மனிதருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

“எங்க மேடம் தப்பு?” என்று கேட்டார். “எந்த முகவரி எந்த இடத்துலன்னு பேஜ் டேபிள்ங்கற பட்டியல்ல இருக்கு. கழற்றப்போற கார்டோட வரிகளை அதுல அடிச்சுடறேன். காலியான டேபிள் பக்கத்தை வேற வேலைக்குக் குடுத்துடறேன். எல்லாம் முடிச்சுட்டு, கடைசியா ப்ராசஸர்களுக்கு ஒரே தடவையாத் தகவல் சொல்றேன். அடிச்ச வரியைத் தேடி யார் வரப்போறாங்க?”

நஸ்ரின் எழுந்துபோய், சுவரில் ஒட்டியிருந்த இருக்கைப் பட்டியலில் அருளப்பனின் பெயரை அடித்தார். அங்கே ஜெப்ரின் என்று எழுதினார். ஜெப்ரின் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவன்.

“ஜெப்ரின், சார் சீட்டுக்கு வாங்க. சார், நீங்க ஜன்னலோரம்.”

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு டீ கொண்டுவரும் பாக்கியம் வந்தாள். பட்டியல் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பழைய சீட்டுக்குப் போய் டீயை வைத்தாள். ஜெப்ரின் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். சர்க்கரை இல்லை.

அருளப்பன் வாய்விட்டுச் சிரித்தார். “ஏனுங்கக்கா, அது என் டீ. பட்டியல்ல பேரை அடிச்சிருக்கே, பாக்கலையா?”

“பதினாலு வருசமா டீ குடுக்கறேன். ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் பாத்துட்டா குடுக்கறேன்? மனசுல இருக்கறதுதானுங்க.” பாக்கியத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “பேரை அடிச்சீங்க சரி. சீட்டுல வேற ஆளை உட்கார வெக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமில்ல?”

அருளப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது.

“முன்னால...” என்றார். “ப்ராசஸரும் ஒவ்வொரு தடவையும் டேபிளைப் பாக்கறதில்லையே, மனசுல இருக்கற பழைய இடத்துக்குத்தானே போகும்!”

நஸ்ரின் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அருளப்பன் ஓடிவந்து தன் நிரலைத் திறந்தார். கடைசியில் கிடந்த ஒரே ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டினார். வரிகளை அடிப்பது, உடனே ப்ராசஸர்களுக்குத் தகவல், அதற்குப் பிறகுதான் பக்கத்தைக் கொடுப்பது.

மாலை நான்கு மணி. எட்டாவது முறை கழற்றும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. இருபது, முப்பது என்று போய், நாற்பதாவது முறையும் சர்வர் அசரவில்லை. அறையே எழுந்து கைதட்டியது. ஜெப்ரின் விசில் அடித்தான். ஐம்பத்தொரு வயது மனிதருக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது, குதித்தும் விட்டார்.

பரீட்சை முடிந்து கழற்றி எடுத்த கார்டு இன்னும் கையில் சூடாக இருந்தது.

“இதை எங்க வைக்கட்டும் மேடம்?”

“எங்க வேணும்னாலும் வைங்க சார்” என்றார் நஸ்ரின். “இப்ப அதைத் தேடி யாரும் வரமாட்டாங்க.”