நடுங்கக் கூடாத மான்

காட்டில் கோடை வந்துவிட்டால் அல்லிக்குளம் ஒன்றில்தான் தண்ணீர் இருக்கும். அந்தக் குளக்கரையில்தான் ஒரு செந்நாய்க் கூட்டம் புகுந்து அட்டகாசம் செய்துவிட்டுப் போனது. நாய்கள் போய்விட்டன. பயம் போகவில்லை.

காட்டுப்பன்றி குளத்துக்குப் பாதி வழி வருவான், திரும்பி ஓடுவான். முயல்கள் தங்கள் நிழலைப் பார்த்தே புதருக்குள் பாய்ந்தன. சருகுமானின் நிலைமை இன்னும் மோசம். முயல் அளவே இருக்கும் அந்தச் சின்ன மானின் குட்டியை அவள் கண்ணெதிரிலேயே நாய்கள் தூக்கிப் போயிருந்தன. அவள் புதரை விட்டு வரவே இல்லை. இலைமேல் விழும் பனியை நக்கிக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

இவர்களைக் குணப்படுத்த நாவல் மரத்தடியில் ஒரு மனநல நிலையம் இருந்தது. அதன் தலைவர் டாக்டர் வெள்ளையப்பர். அவர் ஒரு கொக்கு. ஆனால் கொக்கு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆகவே டாக்டர் என்றே சொல்லிவைப்போம். அவர் தரையில் நிற்பதில்லை. எருமையக்காவின் முதுகில் நிற்பார். அவள் நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகள்தான் அவருடைய சாப்பாடு. வைத்தியமும் அந்த முதுகிலிருந்துதான்.

"பயம் என்பது வெறும் எண்ணம்!" என்று அவர் முழங்குவார். "எண்ணத்தை மாற்றுங்கள்! நாய் வந்தால் நான் பயப்படுகிறேனா?"

"இல்ல டாக்டர், பறந்து போயிடுறீங்க!" என்றான் காட்டுப்பன்றி.

"குறுக்கே பேசாதே! குணமாக விரும்பாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்!"

வைத்தியம் நடந்துகொண்டே இருந்தது. யாரும் குளத்துக்கு வரவில்லை.

அந்தக் காட்டில் மருதாயி என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். போன கோடையில் செந்நாய் வாயிலிருந்து தப்பியவள். பின்தொடையில் நீளமாக ஒரு தழும்பு. அவளும் புதருக்குள் ஒடுங்கிக் கிடந்தவள்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடந்து, நின்று, திரும்பி, மறுபடி நடந்து, ஒருநாள் தண்ணீரில் வாய் வைத்தாள்.

ஒருநாள் அவள் சருகுமானின் புதருக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தாள். புத்தி எதுவும் சொல்லவில்லை.

"தண்ணி குடிக்கணும் போல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்குக்கா. ஆனா கால் நடுங்குது."

"எனக்கும் குளத்துக்குப் போற வழியில அந்த வேங்கை மரத்துக்கிட்ட போனா நடுங்கும். நீ நடுங்கினா நின்னுக்கலாம். நானும் நிப்பேன். யாருக்கு நடுங்கினாலும் எல்லாரும் நிக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது. காதைத் தீட்டி, காத்தை மோந்து பாப்போம். நடுக்கம் விட்டா நடப்போம். விடலேன்னா திரும்பிடுவோம்."

இருவரும் போனார்கள். பலமுறை நின்றார்கள். கடைசியில் சருகுமான் தண்ணீர் குடித்தாள்! அடுத்து முயல்கள் சேர்ந்துகொண்டன. காட்டுப்பன்றியும் வந்தான். தான் நடுங்கவில்லை, குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

டாக்டர் வெள்ளையப்பர் இதைப் பார்த்தார். "பார்த்தீர்களா, என் நிலையத்தின் வெற்றியை!" என்றார். உடனே மருதாயியை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அனுபவத் துணையாளர் என்று பட்டம் கொடுத்தார். கழுத்தில் அல்லிக்கொடி மாலை போட்டார். மருதாயிக்கும் உள்ளூரப் பெருமைதான். குளத்தில் தன் நிழலை இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொண்டாள்.

வேலை என்று வந்துவிட்டால் மேற்பார்வை வேண்டுமே! டாக்டர் அவளை அழைத்தார்.

"மருதாயி, நீ இனி நோயாளி இல்லை. பணியாளர். பணியாளர் நடுங்கலாமா?"

"நடுங்கினா நிக்கிறதுதானே டாக்டர் எங்க வழக்கம்?"

"அது பழைய கதை. இப்போது நீ முன்மாதிரி! உன் பயம் இருக்கிறதே, அது உன் நோயின் மிச்சம். வந்தால் கண்டுகொள்ளாதே. தலையை நிமிர்த்தி நேராக நட!"

மாலை போட்டவர் சொல்லும்போது என்ன செய்வது? மருதாயி தலையாட்டினாள்.

சில நாளில் பக்கத்துக் காட்டிலிருந்து மயில்கள் நிலையத்தைப் பார்வையிட வந்தன. டாக்டர் எருமை முதுகில் இங்கும் அங்குமாகக் குதித்தார்.

"மருதாயி, தழும்பைக் காட்டு! இன்னும் கொஞ்சம் திரும்பு! நாய் கவ்விய இடத்தைச் சொல். அங்கே கொஞ்சம் நிறுத்தி அழு. ரொம்ப அழாதே, விருந்தாளிகளுக்குச் சங்கடமாக இருக்கும்!"

மயில்கள் தோகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டன. "எவ்வளவு நெகிழ்ச்சி!" என்றன. பிறகு நாவல் பழம் தின்னப் போய்விட்டன. மருதாயிக்கு அன்று முழுவதும் புல் இறங்கவில்லை. அதை யாரும் பார்வையிடவில்லை.

இதற்கிடையில் சருகுமான் மெல்ல மெல்லத் தன் குட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாள். அது கத்தியது, கத்தல் தேய்ந்தது, எல்லாவற்றையும் மருதாயியிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குப் பாரம் குறைந்தது. கேட்கக் கேட்க மருதாயிக்குப் பாரம் ஏறியது. அதை எங்கே இறக்கி வைப்பது? மேற்பார்வையாளர் எதற்கு இருக்கிறார் என்று நம்பி, அவள் டாக்டரிடமே போனாள்.

"டாக்டர், அந்தக் குட்டியோட சத்தம் என் காதுலயே நிக்குது. தூக்கம் வரல. உங்ககிட்ட கொஞ்சம் சொல்லிக்கலாம்னு வந்தேன்."

டாக்டர் எருமை முதுகிலேயே ஒரு அடி பின்னால் குதித்தார்.

"ஐயோ! நோய் திரும்பிவிட்டது! மாலையைக் கழற்று! போய் நோயாளிகள் வரிசையில் உட்கார்!"

எல்லோர் முன்னாலும் மாலை கழன்றது. தான் நேற்றுவரை கூட்டிப்போன முயல்களுக்குப் பின்னால் மருதாயி தலை குனிந்து உட்கார்ந்தாள்.

காட்டுப்பன்றிக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், நேத்து வெட்டுக்கிளி சிக்கலேன்னு காடே அதிர்ற மாதிரி கத்துனீங்களே, அது என்ன நோய்?"

"அது வேலைப் பளு!" என்றார் டாக்டர்.

மருதாயி முட்டாள் இல்லை. பாடம் புரிந்துவிட்டது. அடுத்தமுறை டாக்டர் "எப்படி இருக்கே?" என்று கேட்டபோது சட்டென்று சொன்னாள்.

"நல்லா இருக்கேன் டாக்டர்!"

"சபாஷ்! மேற்பார்வை முடிந்தது!" மாலை திரும்பக் கழுத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அதே கேள்வி, அதே பதில். டாக்டருக்குப் பரம திருப்தி. இவ்வளவு நன்றாக இருக்கிறவளுக்கு இன்னும் நாலு நோயாளிகளைக் கொடுக்கலாமே என்று கொடுத்தார்.

எருமையக்கா இதையெல்லாம் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாயியின் வயிறு ஒட்டிப்போனதும் கண் உள்ளே போனதும் அவளுக்குத் தெரிந்தது. "டாக்டர், அவ சரியா மேயுறதில்ல போலிருக்கு" என்று ஒருநாள் சொன்னாள்.

"உன் வேலை சுமப்பது. அதைப் பார்!" என்றார் டாக்டர்.

எருமையக்கா வாயை மூடிக்கொண்டாள். நல்லவள்தான். ஆனால் மூடிக்கொண்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று உச்சி வெயில். மருதாயி முன்னால் போக, சருகுமானும் காட்டுப்பன்றியும் முயல்களும் பின்னால் போனார்கள். ஓரமாக எருமையக்கா, அவள் முதுகில் டாக்டர். வேங்கை மரத்தை நெருங்கும்போது காற்று திரும்பியது. அதில் ஒரு வாடை வந்தது. மருதாயியின் கால்கள் நடுங்க ஆரம்பித்தன.

முன்பெல்லாம் அவள் அந்த இடத்திலேயே நின்றிருப்பாள். இப்போது டாக்டரின் குரல்தான் மனதில் ஓடியது. நோயின் மிச்சம். கண்டுகொள்ளாதே. கழுத்தில் மாலை வேறு இருந்தது. அவள் தலையை நிமிர்த்தி நடந்தாள்.

"அக்கா, எனக்கு நடுங்குது. நிக்கலாமா?" என்று கேட்டாள் சருகுமான்.

அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை மருதாயி அப்போது சொன்னாள்.

"அது வெறும் எண்ணம். நட!"

அக்கா சொல்லிவிட்டாள் என்று எல்லோரும் நடந்தார்கள். புல்லைப் பிளந்துகொண்டு செந்நாய்கள் பாய்ந்தன!

முதலில் கிளம்பியது டாக்டர். வானத்தில் அவர் வெள்ளையாகத் தெரிந்தார். காட்டுப்பன்றியின் காது கிழிந்தது. சருகுமானின் காலை ஒரு நாய் கவ்வியது. எருமையக்கா கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்ததால் அது வாயைத் திறந்தது. சருகுமான் ஒரு மரப்பொந்துக்குள் நழுவினாள். எருமையின் கொம்புக்கு முன்னால் நிற்க முடியாமல் நாய்கள் ஓடிப்போயின. உயிர் யாருக்கும் போகவில்லை. தைரியம் எல்லோருக்கும் போய்விட்டது.

அதற்குப் பிறகு குளக்கரைக்கு ஒருவரும் வரவில்லை. மருதாயி மாலையைக் கடித்துத் துப்பிவிட்டு, பழைய புதரை விட ஆழமான புதருக்குள் போய்விட்டாள். பொந்தில் கிடந்த சருகுமானுக்குக் காயத்தால் காய்ச்சல் வந்தது. நாக்கு வறண்டது. தண்ணீர் குடிக்காவிட்டால் பிழைக்க மாட்டாள். அவளோ வரமாட்டேன் என்றாள்.

எல்லாம் அடங்கியபின் டாக்டர் இறங்கி வந்து எருமை முதுகில் நின்றார். சிறகைக் கோதிக்கொண்டார்.

"நான் அப்போதே யோசித்தேன்! நோயாளியை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் முடியும்!"

எருமையக்கா உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினாள். டாக்டர் சேற்றில் தொப்பென்று விழுந்தார். வெள்ளைச் சிறகெல்லாம் கறுப்பு.

"அவ கால் நடுக்கம்தான் நம்ம எல்லாருக்கும் காவலா இருந்துச்சு. அது நடுங்கக் கூடாதுன்னு சொன்னது நீங்க. பாத்துட்டுச் சும்மா இருந்தது நான். இனிமே என் முதுகு கிடையாது, இறங்கியே இருங்க!"

பிறகு அவள் மருதாயியின் புதருக்கு முன்னால் போய்க் கனமாகப் படுத்தாள்.

"எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது மருதாயி. கேக்கத் தெரியும். சொல்லு."

மருதாயி புதருக்குள்ளிருந்து மெல்லத் தலையை நீட்டினாள். பிறகு மருதாயி சொன்னாள். குட்டியின் கத்தலைச் சொன்னாள். மயில்கள் முன்னால் அழுததைச் சொன்னாள். கடைசியில் உடைந்துபோய்ச் சொன்னாள்: "நிக்கலாமான்னு அவ கேட்டா, அக்கா. நான் நடன்னு சொல்லிட்டேன்!"

"அது தப்புதான்" என்றாள் எருமையக்கா. "தப்பு. நோய் இல்ல."

மருதாயி அழுதாள். இந்தமுறை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் கண்ணைத் துடைத்துக் காட்டவும் இல்லை. அழுது முடித்ததும் எழுந்து, மரப்பொந்துக்குப் போனாள்.

"அன்னிக்கு உன்னை நிக்க விடாதது என் தப்புத்தான்."

சருகுமான் வறண்ட நாக்கோடு கேட்டாள்: "இன்னிக்கு நிக்க விடுவியா?"

"விடுவேன். நானும் நிப்பேன்."

"அப்ப வரேன்."

கிளம்பும்முன் மருதாயி டாக்டரைப் பார்த்தாள். முதுகு இல்லாததால் அவருக்கு வெட்டுக்கிளி இல்லை. வெட்டுக்கிளி இல்லாததால் அவருடைய குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"டாக்டர், நான் வேலைக்கு வரேன். ஆனா நடந்து முடிச்சதும் எருமையக்காகிட்ட என் பாரத்தை இறக்கி வைப்பேன். பாரமா இருக்குன்னு சொன்னா மாலையைக் கழத்தக் கூடாது. மேற்பார்வை பாக்கணும்னா நீங்களும் எங்ககூடத் தரையில நடக்கணும். பறக்கக் கூடாது."

"நடப்பதா? அதில் என்ன இருக்கிறது!" என்றார் டாக்டர்.

எல்லோரும் நடந்தார்கள். புல் டாக்டரின் தலைக்கு மேலே நின்றது. முன்னால் என்ன, பின்னால் என்ன, ஒன்றும் தெரியவில்லை. வேங்கை மரத்தடியில் சரசரவென்று ஏதோ ஓடியது. டாக்டரின் குச்சிக்கால்கள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

மருதாயி நின்றாள். எல்லோரும் நின்றார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காதைத் தீட்டினார்கள், காற்றை மோந்தார்கள். புல்லை விலக்கிக்கொண்டு ஓர் உடும்பு வந்து, இந்தக் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, தன் வழியே போனது.

மருதாயி திரும்பினாள். "எப்படி இருக்கீங்க டாக்டர்?"

"நல்லா இருக்கேன்!" என்றார் டாக்டர், பல்லில்லாத அலகு பல்லைப்போலக் கிடுகிடுக்க.

"சபாஷ்! மேற்பார்வை முடிந்தது!" என்றான் காட்டுப்பன்றி.

காடே சிரித்தது. நொண்டிக்கொண்டு நின்ற சருகுமானும் சிரித்தாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த பதிலை அவர் இதற்குமுன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒருநாளும் அது பொய் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

"நடுங்கினா நிக்கலாம் டாக்டர்" என்றாள் மருதாயி. "நாங்க இருக்கோம்."

நடுக்கம் விட்டபின் நடந்தார்கள். சருகுமான் குளத்தில் வாய் வைத்து, மூச்சு விடாமல் குடித்தாள்.

அடுத்தவர் பாரத்தைச் சுமக்க ஒருவரை அமர்த்துகிறவர் அப்படிச் சுமப்பவருடைய பாரத்தை இறக்கிவைக்கவும் இடம் கொடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் தண்டனை என்றால், 'நல்லா இருக்கேன்' என்ற பொய்தான் பதிலாகக் கிடைக்கும்.