பைக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

லீவு முடிந்து மகள் ஊருக்குப் போன மறுநாள் காலை, செண்பகராமன் தன் குருவை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

ஆற்றங்கரை மடத்து மங்கையம்மாள் அவரைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான். ஆறு வயது மகளோடு மனைவி பிரிந்து போன வருஷம், சாப்பிட மறந்து கிடந்தவரை உட்காரவைத்துச் சோறு போட்டவர். மகள் ஆதிரைக்கு இப்போது பதின்மூன்று.

பின்கட்டு அறையைத் திறந்து காட்டினார். சுவரோரம் பதினோரு அட்டைப்பெட்டிகள், எல்லாம் ஆதிரையின் விளையாட்டுச் சாமான். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. வண்டிகள். விலங்குகள். செப்புச் சாமான். கால் ஒடிந்தவை.

மங்கையம்மாள் எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார்.

"ரிட்டயர் ஆகியும் நூலக வேலையை விடலை போல. நாள் தள்ளித் திருப்பினா அபராதம் உண்டா?"

செண்பகராமனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கோர்ட்டு குடுத்ததே வருஷத்துக்குப் பதினஞ்சு நாள்தாம்மா. நேத்து பஸ்ஸுக்கு நிக்கும்போது சொல்லிட்டா, அடுத்த லீவுக்கு வருவேனான்னு தெரியலைப்பான்னு. இங்க ஒரே அடைசலா இருக்கு, கொஞ்சம் கழிக்கணும். எதை வெச்சுக்கிட்டா அவ திரும்ப வருவா?"

"இந்தத் தடவை எதை எடுத்து விளையாடினா?"

"எதையும் எடுக்கலை. நான்தான் தினம் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினேன்."

"பாத்துட்டு?"

"நல்லாருக்குப்பான்னா."

"அவளா ஒண்ணும் கேக்கலையா?"

யோசித்தார்.

"ஒருநாள் கேட்டா. ஆத்துல தண்ணி வந்திருக்காம், போலாமாப்பான்னு. ரயிலுக்குச் சக்கரம் மாட்டிக்கிட்டிருந்தேன். கொஞ்சம் பொறும்மான்னேன்."

"அப்புறம்?"

"மாட்டிட்டேன்." குனிந்து ரயிலைத் தரையில் விட்டார். "இப்ப நல்லா ஓடுது."

ரயில் அறையின் குறுக்கே ஓடி, சுவரில் முட்டி நின்றது. சக்கரம் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

மங்கையம்மாள் ஆணியில் தொங்கிய சின்னப் பள்ளிக்கூடப் பையை எடுத்தார். ஒன்றாம் வகுப்பில் ஆதிரை மாட்டிக்கொண்டு போனது.

"எதைக் கட்டிக்கிட்டுத் தூங்குவா?"

"துணி முயலை."

சீட்டைப் பார்க்காமலே கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். முயல் பைக்குள் போனது.

"தண்ணி பாட்டில் இருக்கா? நிரப்பிட்டு வாங்க."

நிரப்பி வந்தார்.

"பஸ்ஸுல ஜன்னலோரம் கேப்பாளா?"

"அழுது அடம்பிடிப்பா. அவளுக்குக் குமட்டும்."

"அப்ப மோந்து பாக்க எலுமிச்சம்பழம் வேணுமே. நேத்து குடுத்தீங்களா?"

"எடுத்துட்டுத்தான் போனேன். அதெல்லாம் இப்ப வரதில்லைப்பான்னுட்டா. காதுல எதையோ மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டா."

கொடியில் கிடந்த நேற்றைய சட்டையின் பையில் பழம் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் லேசாக வாடியிருந்தது. கொண்டுவந்து முயலின் பக்கத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"யாருக்கும்மா இதெல்லாம்?"

மங்கையம்மாள் அந்தக் கையை மெல்ல விலக்கினார். ஜிப்பை இழுத்து மூடி, பையை அவர் தோளில் மாட்டப் பார்த்தார். பட்டை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அங்கேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"பெரியவளை நேத்து ஏத்திவிட்டாச்சு. இந்த ஆறு வயசுச் சின்னவ ஏழு வருஷமா கிளம்பி நிக்கிறா. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."