பலூன் யாருக்கு?

ஜவுளிக்கடை சங்கரலிங்கம் எஸ்யூவி ஷோரூமுக்குள் நுழைந்ததே மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிதான். "நம்ம பட்ஜெட்டுக்கு வானம் தெரியிற கண்ணாடிக்கூரை வண்டிதான்!" என்று முழங்கினார்.

"சூப்பர் சாய்ஸ் சார்!" என்று குழைந்தார் விற்பனையாளர்.

கைக்குழந்தையோடு நின்ற மருமகள் வடிவு விடவில்லை. "அதே விலைக்கு ஆறு ஏர்பேக் வண்டி இருக்கு மாமா. பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு. கூரை வண்டியில ரெண்டுதான்."

"பலூனைத் திருவிழாவுல வாங்கிக்கலாம், போம்மா!"

வடிவு பவ்யமாகத் தலையாட்டினாள். "சரி மாமா. அந்த ரெண்டும் முன் சீட்டுக்குத்தான். நீங்க எப்பவும் முதலாளியா பின்னாடிதானே உக்காருவீங்க? எங்கயாவது மோதினா, டிரைவர் மாசானம் பலூன்ல மெத்துனு சாஞ்சுக்குவான். நீங்க நேரா வானத்தைப் பாத்துக்கலாம்."

சங்கரலிங்கத்தின் மீசை துடித்தது. "என் காசுல மாசானத்துக்கு மெத்தையா? தம்பி, அந்த ஆறு பலூன் வண்டியை எடு!"

"சூப்பர் சாய்ஸ் சார்!" என்றார் விற்பனையாளர், அதே குழைவோடு.