நெருப்பை முறைத்த காட்டெருமை

மூங்கில் காட்டை ஒட்டிய குளக்கரையில் ஒரு காட்டெருமைக் கூட்டம் வாழ்ந்து வந்தது. அதன் தலைவன் வல்லான். முன்பு ஒரு தடவை புலி பாய்ந்து வந்தபோது எல்லாரும் சிதறி ஓட, அவன் மட்டும் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். புலி அவனை உற்றுப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. அன்றே கூட்டம் அவனைத் தலைவனாக்கிக்கொண்டது. பிறகு செந்நாய்கள் வந்தன. மதம் பிடித்த யானையும் வந்தது. வல்லான் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. வந்தவர்கள்தான் திரும்பிப் போனார்கள்.

ஒரு கோடையில் மலைச்சரிவில் தீப்பிடித்தது. வல்லானின் முதுகில் உண்ணி பொறுக்கித் தின்னும் வெண்ணி என்ற கொக்கு உயரப் பறந்து பார்த்துவிட்டு வந்தாள். தீ பெரியது, இப்போதே கிளம்பினால் ஆற்றைக் கடந்துவிடலாம் என்றாள். வல்லானின் துணைவி மயிலியும், கன்றுகளால் வேகமாக நடக்க முடியாது, தாமதிக்க வேண்டாம் என்று கெஞ்சினாள்.

வல்லானுக்கு அது விளங்கவேயில்லை. ஓடியவர்களைத்தானே புலி துரத்தியது? நின்றவனை அது தொடவில்லையே?

"யாரும் அசையக் கூடாது. நான் முன்னால் நிற்கிறேன்" என்றான்.

தீயில் மூங்கில்கள் படபடவென்று வெடித்தன. அதை எதிரியின் உறுமல் என்றே அவன் நினைத்தான். குளம்பால் தரையைக் கீறி, கொம்பைத் தாழ்த்தி, தீயை முறைத்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. தீ நின்றது. கொஞ்சம் பின்னுக்கும் போனது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆற்றை நோக்கிக் கிளம்பிவிட்ட சிலரும் வெட்கத்தோடு திரும்பி வந்தார்கள்.

"வல்லா, அது உன்னைப் பார்த்து நிற்கவில்லை. காற்று திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போதாவது போங்கள்" என்றாள் வெண்ணி.

அவன் காதில் அது ஏறவில்லை. மயிலி மட்டும் வெண்ணி சொன்னதை நம்பினாள். ஆனாலும் அவனைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

காற்று மறுபடி திரும்பியது. தீ ஒரே பாய்ச்சலாக வந்தது. வல்லான் இன்னும் தாழக் குனிந்தான், இன்னும் கடுமையாக முறைத்தான். தீ அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. இருபுறமும் சுற்றிக்கொண்டு கன்றுகளின் பக்கம் போனது. அப்போதுதான் அவன் தலையை நிமிர்த்தினான்.

"ஓடுங்கள்!" என்று கத்தினான். வாழ்நாளில் அவன் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கூட்டத்தில் பாதிதான் ஆற்றைக் கடந்தது. புகைக்குள் சிக்கிய கன்றுகளை ஒவ்வொன்றாக முட்டி வெளியே தள்ளிய மயிலி திரும்பி வரவேயில்லை.

அக்கரையில் வல்லான் உடம்பெல்லாம் வெந்து நின்றான். அவனை யாரும் ஏசவில்லை. இனி எங்கே போவது என்று மட்டும் கேட்டார்கள். அவன் வெண்ணியின் பக்கம் திரும்பினான்.

"நான் அசையவே இல்லையே வெண்ணி. எப்போதும் நிற்கிற மாதிரிதானே நின்றேன்? பிறகு ஏன் இப்படி ஆனது?"

"எப்போதும் நிற்கிற மாதிரியே நின்றாய். அதனால்தான்" என்றாள் வெண்ணி.

நமக்குப் பெயர் வாங்கித் தந்த குணமே ஆனாலும், வந்திருப்பது என்னவென்று பாராமல் அதையே பிடித்துக்கொண்டு நின்றால், அது நம்மையும் நம்மை நம்பியவர்களையும் சேர்த்தே அழித்துவிடும்.